கடிக்காத வாத்துக்கால்

மச்சான்,

நேற்று கடைப் பரணை ஒழிக்கப்போய், உன் இடது வாத்துக்கால் என் மண்டையில் விழுந்தது. பழைய அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் நான்தான் அதைத் துணி சுற்றிச் செருகி வைத்திருந்தேன். எலி துணியைக் கடித்துக் குதறிவிட்டிருக்கிறது. ஏணியில் நின்றபடியே அதைக் கையில் எடுத்தேன். ரப்பரும் டால்கம் பவுடரும் கலந்த அந்த வாடை குப்பென்று அடித்தது. நீ போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. இந்த ரப்பர் மட்டும் இன்னும் உன் வாடையோடு இருக்கிறதே என்று எனக்குத் திக்கென்று ஆகிவிட்டது. ஏணியிலிருந்து இறங்க முடியவில்லை. கடையில் வேலை செய்யும் பெண் ஒரு வாய் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

வலது வாத்துக்கால் என்ன ஆயிற்று என்பது உனக்குத் தெரியும். அதற்கு அப்புறம் வருகிறேன்.

மாலத்தீவில் சுற்றுலாப் படகுக்கு என்ஜின் பார்த்துக்கொண்டிருந்த நீ, ஊரோடு வந்துவிட்டேன் என்று பாபநாசம் பஸ் ஸ்டாண்டில் இறங்கிய அன்று வீட்டுக்குக்கூடப் போகவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு நேரே என் செருப்புக் கடைக்குத்தான் வந்தாய். உள்ளே இருந்து ஒரு ஜோடி ரப்பர் துடுப்பை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தாய். சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு கடலுக்கு அடியில் போகிறவர்கள் காலில் மாட்டிக்கொள்வார்களே, அது. ஊருக்குத் திரும்பிய ஒரு ஜெர்மன்காரர் உனக்குக் கொடுத்துவிட்டுப் போனதாம். "நீதான மாப்ள ஊருக்கே செருப்பு போடுற? இதை என் காலுக்குச் சேர வை பாப்போம்" என்றாய்.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அந்த ஜெர்மன்காரர் ஆறரை அடி இருந்திருப்பார். நீளமான, ஒடுக்கமான கால். உன் காலை எனக்குத் தெரியாதா? பள்ளிக்கூட நாளிலிருந்து வரப்பில் வெறுங்காலோடு ஓடி ஓடி, குட்டையாக, அகலமாக, விரல்கள் ஐந்தும் ஆளுக்கொரு திசையில் விரிந்த கால் அது. உன் கல்யாணத்துக்குக்கூட ஒரு ஷூவை உன் காலில் ஏற்ற முடியாமல் கடைசியில் சாண்டலோடுதான் உன்னை மாதா கோயிலுக்கு அனுப்பினோம். இந்தத் துடுப்பில் உன் காலை விட்டால் பக்கவாட்டில் பிதுங்கியது, குதிகாலில் லொடலொடவென்று ஆடியது. வேறு வாங்கிக்கொள் என்றேன். இப்படிப்பட்ட சரக்கு இங்கே கிடைக்காது என்று ஒற்றைக்காலில் நின்றாய். செருப்புக்காக யாராவது காலை வெட்டுவார்களா என்று கேட்டேன். காலை வெட்ட வேண்டாம், துடுப்பை வழிக்குக் கொண்டுவா என்றாய்.

பக்கவாட்டில் இளக வேண்டுமென்றால் ரப்பரை வெந்நீரில் போட்டு, சூட்டோடு மரக்கட்டையைச் செருகி வைக்க வேண்டும். அவ்வளவுதான் நான் சொன்னேன். அந்த நீளத்துக்குப் பாத்திரம் எங்கே என்று யோசிக்கும்போதே உன் மூளை எங்கே போயிற்று பார். உன் வீட்டுக் கொல்லையில் ஸ்டெல்லா நெல் அவித்துக்கொண்டிருந்தாள். தாலி கட்டிய பெண்டாட்டி ஆயிற்றே, கேட்டுவிட்டுச் செய்வோம் என்ற எண்ணம் உண்டா? அவள் உள்ளே போன நேரம் பார்த்து, கொதிக்கிற அண்டாவுக்குள் இரண்டையும் இறக்கிவிட்டாய். வலதைக் காலை விடுகிற பக்கம் மட்டும் முக்கினோம். இடது உன் கை தவறி முழுசாக உள்ளே போய்விட்டது. எடுத்துப் பார்த்தால் இலைபோல விரிந்த அதன் முன்பக்கம் ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு, வாதம் வந்த வாத்தின் கால்போல இருந்தது. ஸ்டெல்லா அகப்பையோடு வந்து நின்ற கோலம் இப்போதும் என் கண்ணில் இருக்கிறது. "சோத்துக்கு அவிக்கிற நெல்லுல செருப்பப் போட்டீங்களே, வெளங்குமா இந்த வீடு?" என்றாள். அந்த நெல் தீரும்வரை உங்கள் வீட்டுச் சோற்றில் ரப்பர் வாடை அடித்தது.

ஆனாலும் பக்கவாட்டில் இளகிவிட்டது. குதிகால் ஆடியதற்கு உள்ளே ஒரு அட்டை வைத்துத் தைத்தேன். சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி, உள்ளங்காலிலிருந்து குதிகாலுக்கு மேலே இழுத்து மாட்டினேன். தடித்த சாக்ஸ், அதற்கு மேல் பவுடர். குடமுருட்டி ஆற்றில் வெள்ளோட்டம் பார்த்தோம். முறுக்கிய இடது உன்னை ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போனது. நீ வலது காலை ஓங்கி ஓங்கி உதைத்து நேராக்கிக்கொண்டாய். கரையில் நின்ற டீக்கடைக்காரர்தான் வாத்துக்கால் என்று பெயர் வைத்தார். கரையேறியதும் கடிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாய். புதுச் செருப்பு முதல் நாளே கடிக்கவில்லை என்று சொன்ன ஆளை என் தொழிலில் நான் பார்த்ததே இல்லை. அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை போ.

அதன்பிறகு சுற்றுவட்டாரத்தில் எந்த வாய்க்கால் மதகில் எது சிக்கினாலும் உனக்குத்தான் ஆள் வந்தது. பாண்டிச்சேரியில் உனக்குத் தெரிந்த ஒருவரிடம் சிலிண்டரில் காற்று அடைத்துக்கொண்டு வந்து வீட்டில் வைத்திருப்பாய். ஊருக்கு வந்து நீ வைத்த பம்ப்செட் பட்டறையைப் போட்டது போட்டபடி கிளம்பிவிடுவாய். டியூப் வளையத்தை மாட்டவும் கழற்றவும் என் கைதான் வேண்டும் என்பதால், நானும் கடையை என் மனைவியிடம் விட்டுவிட்டுப் பின்னால் வருவேன்.

உன் நடைப்பயணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் மற்றது எதுவும் விளங்காது. நடுக்கடலில் என்ஜின் நின்று படகு அலைந்தபோது, உயிரோடு கரை சேர்ந்தால் வருஷா வருஷம் வேளாங்கண்ணிக்கு வெறுங்காலோடு நடந்து வருகிறேன் என்று நேர்ந்துகொண்டாயாம். ஆவணி பிறந்தால் காவி வேட்டி. கொடியேற்றத்துக்கு முன் சப்பரத்தை இழுத்துக்கொண்டு கிளம்பும் கூட்டத்தில் நீ முன்னால் நிற்பாய். முதல் வருஷங்களில் திரும்பி வரும்போது உன்னைப் பார்க்கச் சகிக்காது. கொப்புளம் உடைந்து, காலைக் கீழே வைக்க முடியாமல், என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து முனகுவாய்.

பிறகு ஒரு வருஷம் விறைப்பாக நடந்து வந்தாய். முகமெல்லாம் வெளிச்சம். "ஒரு வலி இல்ல மாப்ள. தார் ரோட்டுல கானல் பறக்குது, எனக்குத் தெரியவே இல்ல. அம்மா எடுத்துக்கிட்டா" என்றாய். உங்கள் தெருக்காரர்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்தில் எழுந்து நின்று அதைச் சொன்னாயாம். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்களாம். ஸ்டெல்லாவுக்கு அன்றைக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. விபூதி பூசுகிற நானும் நம்பினேன். கொடுத்த சாமியிடம் போய் ஏன் கொடுத்தாய் என்று நம் பக்கத்தில் யார் கேட்கிறார்கள்? அடுத்த வருஷமும் வலியில்லை. அதற்கடுத்த வருஷமும் இல்லை. உன் காலைத் தொட்டுக் கும்பிட ஆள் வர ஆரம்பித்தார்கள், மச்சான். நீ வெட்கப்பட்டுக்கொண்டு ஓடுவாய்.

அந்த ஐப்பசி மழையை மறக்க முடியுமா? மூன்று ஊர்த் தண்ணீரும் ஒரே வாய்க்காலில் வந்து முட்டியது. மதகின் வாயில் ஒரு பனைமரத் துண்டு குறுக்கே சிக்கிக்கொண்டு, ஷட்டர் இறங்க மாட்டேன் என்றது. கீழே இருந்த சம்பா நடவெல்லாம் கண்ணெதிரே மூழ்கிக்கொண்டிருந்தது. காலையிலேயே வந்து உன்னை அழைத்துக்கொண்டு போனார்கள். இடுப்பில் கயிற்றைக் கட்டி, கரையில் நின்றவர்கள் பிடித்துக்கொள்ள, நீ சங்கிலியோடு உள்ளே போனாய். மதகு தண்ணீரை உறிஞ்சுகிற இழுப்பில் ஒரு ஆள் உள்ளே போனால் திரும்பி வர மாட்டான். நீ அந்த வாத்துக்காலால் எதிர்த்து உதைத்துக்கொண்டே பனந்துண்டில் சங்கிலியைச் சுற்றினாய். எத்தனை தடவை மேலே வந்து இளைப்பாறிவிட்டுப் போனாய் என்று நான் எண்ணவில்லை. கடைசியில் டிராக்டர் இழுக்க, மரம் வெளியே வந்தது, ஷட்டர் இறங்கியது. கரை முழுக்க விசில்.

நீ டிராக்டர் ஓரமாக உட்கார்ந்தாய். யாரோ உன் கையில் டீ கொடுத்தார்கள். நான் உன் முன்னால் சேற்றில் குந்தி வலது வாத்துக்காலின் வளையத்தைக் கழற்றினேன். துடுப்பை உருவியதும் உள்ளே இருந்து தண்ணீர் கொட்டியது. சிவப்பாகக் கொட்டியது. சேற்றுத் தண்ணீர்தான் இப்படி இருக்கிறது என்று நினைத்தேன். சாக்ஸை இழுத்தேன், வரவில்லை. சுண்டுவிரலுக்குக் கீழே ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டது. உடைந்த நத்தை ஓடு, மச்சான். சேற்றில் நின்று மாட்டும்போது உள்ளே போயிருக்கிறது. சாக்ஸைக் கிழித்துக்கொண்டு, தோலைக் கிழித்துக்கொண்டு, சதைக்குள் ஏறி நின்றது. அதன்மேல்தான் நீ அவ்வளவு நேரமும் ஓங்கி ஓங்கி உதைத்திருக்கிறாய். வெள்ளையாக ஒன்று தெரிந்தது. அது எலும்பு என்று எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது.

தலையை நிமிர்த்தி உன்னைப் பார்த்தேன். நீ டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாய்.

"என்னடா அப்படிப் பாக்குற? சீக்கிரம் கழட்டு, பசிக்குது" என்றாய்.

என் கையில் உன் ரத்தம். உன் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. ரத்தத்தைப் பார்த்து நான் எத்தனையோ தடவை பதறியிருக்கிறேன். ரத்தம் வருகிறது என்று தெரியாத முகத்தை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். அதைப்போல ஒரு பயத்தை நான் அனுபவித்ததில்லை.

வாடகைக் காரில் உன்னைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அங்கே டாக்டரம்மா காயத்தைக் கட்டிவிட்டு, உன்னைப் படுக்கச் சொன்னார். சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டார். இருக்குங்க, மாத்திரை போடுறேன், சில நாள் மறந்துரும் என்றாய். நம் ஊரில் யாருக்குத்தான் சர்க்கரை இல்லை என்று நானும் பக்கத்திலிருந்து ஒத்து ஊதினேன். அவர் தூண்டில் நரம்புபோல ஒரு மெல்லிய இழையை எடுத்தார். கண்ணை மூடிக்கொள்ளுங்கள், காலில் எங்கே படுகிறதோ அங்கே சொல்லுங்கள் என்றார். நீ நல்ல பிள்ளையாகக் கண்ணை மூடிக்கொண்டாய்.

நான் உன் கால்மாட்டில் நின்றேன். அவர் பெருவிரலில் வைத்து அழுத்தினார், இழை வளைந்தது. நீ பேசாமல் இருந்தாய். மற்ற விரல்களில் வைத்தார். உள்ளங்காலில் வைத்தார். குதிகாலில் வைத்தார். இழையை வைத்துவிட்டு ஒரு ஊசிமுனையால் தொட்டார். அடுத்த காலுக்குப் போனார். நீ லேசாகச் சிரித்தபடி படுத்திருந்தாய், கண்ணைத் திறக்கவே இல்லை. அவர் எல்லாவற்றையும் முடித்து, இழையை டப்பாவில் போட்டு மூடினார்.

"ஆரம்பிக்கலாங்க டாக்டர், நான் ரெடி" என்றாய்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

அவர் பொறுமையாகத்தான் சொன்னார். சர்க்கரை நரம்பைத் தின்றுவிட்டது, வலி இல்லாமல் போகவில்லை, வலியைச் சொல்கிற நரம்பு செத்துப்போய்விட்டது என்றார். இது ஒரே நாளில் வருவதில்லை, சில வருஷமாகவே இப்படித்தான் இருந்திருக்கும் என்றார். இனிமேல் வீட்டுக்குள்கூட வெறுங்காலோடு நடக்கக்கூடாது என்றார். நீ தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாய். எல்லாம் கேட்டாய். வெளியே வந்து காரில் ஏறினோம். ஐயம்பேட்டை தாண்டியதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே கேட்டாய்.

"அப்ப மாதா எடுத்துக்கலையா மாப்ள?"

டிரைவர் பாட்டை நிறுத்தினார்.

காயம் ஆறவில்லை. சுண்டுவிரலை எடுத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நீ கட்டுப்போட்ட காலைத் தூக்கிக் காட்டி, "செருப்புக்காகக் காலை வெட்டுவாங்களான்னு கேட்டியே, வெட்டியாச்சு. இப்ப அந்த வலது கச்சிதமாச் சேரும் பாரு" என்று சிரித்தாய். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஸ்டெல்லா கையிலிருந்த துண்டாலேயே உன்னை அடித்தாள். மறுநாள் காலை அந்த வலது வாத்துக்காலைக் கொண்டுபோய்க் குடமுருட்டியில் வீசிவிட்டு வந்தாள். இடதையும் வீசியிருப்பாள், நான் பிடுங்கிக்கொண்டு வந்து கடையில் ஒளித்தேன். ஏன் பிடுங்கினேன் என்று எனக்கே தெரியாது.

சிரிப்பெல்லாம் அன்றோடு சரி. பட்டறையைத் திறப்பாய், ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பாய். அன்பியக் கூட்டத்துக்குப் போவதை நிறுத்தினாய். போனால் காலைப் பற்றிக் கேட்பார்கள், சொன்னதைத் திருப்பி வாங்க வேண்டும் என்றாய். உள்ளே மெத்தென்று, அகலமாக, தையல் உறுத்தாத ஒரு ஷூவைச் சென்னைக்குச் சொல்லி வரவழைத்தேன். அதைப் போட்டுக்கொண்டு இந்த வருஷம் நட என்றேன். ஷூ போட்டுக்கொண்டு அம்மாவிடம் போவதா என்று கத்தினாய். நானும் கத்தினேன். அந்தக் காலை வைத்துக்கொண்டு வெறுங்காலோடு கிளம்பினால் ரோட்டின் குறுக்கே படுத்துவிடுவேன் என்றேன். நீ அப்படியே அடங்கிப்போய் ஸ்டூலில் உட்கார்ந்தாய்.

"நான் ஷூக்காகச் சொல்லலடா. வலி இல்லாமப் போனதுல என்ன வேண்டுதல் இருக்கு? இத்தனை வருஷம் நான் சும்மா நடந்துட்டு வந்திருக்கேன்."

உன் குரல் உடைந்துவிட்டது. காலில் எலும்பு தெரிந்தபோது டீ குடித்தவன் நீ. இதைச் சொல்லும்போது அழுதாய். உன் விரல் போனது எனக்கு அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை, மச்சான். நடந்த நடையெல்லாம் பொய் என்று நீ நினைத்ததுதான் எனக்கு ஆறவில்லை.

சித்திரை வெயிலில் ஒரு பகல், நீ கடைக்கு வந்து ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தாய். உனக்கு வியர்த்துக் கொட்டியது. சோடா வாங்கி வரச் சொல்லட்டுமா என்று கேட்டேன். நெஞ்சு ஏதாவது செய்கிறதா என்றும் கேட்டேன். அப்போதெல்லாம் உன்னைக் கேட்டுக்கொண்டே இருப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது. "ஒண்ணும் வலிக்கல மாப்ள, வெயிலு" என்றாய். நான் ஒரு அம்மாவுக்குச் செருப்பு எடுத்துக் காட்டத் திரும்பினேன். திரும்பி வந்தபோது உன் தலை சாய்ந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், பிரயோஜனமில்லை. மாரடைப்பு என்றார்கள். சர்க்கரை முற்றினால் நெஞ்சு வலியைக்கூடச் சிலருக்குத் தெரியவிடாது என்றார்கள். எனக்கு அதைக் கேட்டு ஓவென்று கத்த வேண்டும்போல இருந்தது. காலில் செய்ததையே நெஞ்சிலும் செய்துவிட்டதே என்று திகைத்துப்போய் நின்றேன்.

உன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். கொடுத்து வைத்தவர், ஒரு வலி இல்லாமல் போய்விட்டார் என்றார்கள். மாதா அவரை வலிக்காமல் அழைத்துக்கொண்டாள் என்று ஒரு பெரியவர் சொன்னார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. வலித்திருந்தால் அவன் பிழைத்திருப்பான் ஐயா, வாயை மூடுங்கள் என்று கத்திவிட்டேன். சாவு வீட்டில் கத்தினேன். ஸ்டெல்லா உள்ளே இருந்து வந்து என் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய் உன் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

இப்போது என் கடையில் செருப்பு எடுக்க வருகிற வயசாளிகள் என்னைக் கிறுக்கன் என்றுதான் நினைக்கிறார்கள். ஒவ்வொரு விரலையும் அழுத்தி, தெரிகிறதா என்று கேட்கிறேன். தெரியவில்லை என்றால் செருப்பைக் கொடுக்காமல் டாக்டரிடம் போகச் சொல்கிறேன். கடிக்கிறது என்று யாராவது முகத்தைச் சுளித்தால் எனக்கு மனசு குளிர்ந்துபோகிறது. வியாபாரம் உருப்படுமா என்று என் மனைவி கேட்கிறாள்.

போன மாதம் ஆவணியில் ஸ்டெல்லா காவிப் புடவை கட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். அவர் நடக்காமல் விட்டதை நான் நடக்கிறேன் அண்ணே என்றாள். வாழ்நாளில் மார்க்கெட்டுக்குப் போய் வருவதைத் தவிர நடந்து பழகாதவள். நான் ஒரு நல்ல ஷூவாகப் பார்த்து எடுத்துக்கொடுத்தேன். வேண்டாம் என்று வைத்துவிட்டாள். அவள் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். எல்லாம் தெரிகிறது என்றாள். அதற்குமேல் நான் தடுக்கவில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம், கடையில் ஆள் இருக்கும் நேரத்தில் ஃபோன் வந்தது. திருவாரூர் தாண்டி ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னாள். பின்னால் மைக்கில் மரியே வாழ்க கேட்டது. அவள் அழுதுகொண்டிருந்தாள். என்னம்மா ஆச்சு, காலைப் பாரு, ரத்தம் வருதா பாரு என்று பதறினேன்.

"ரெண்டு கால்லயும் கொப்புளம் உடைஞ்சுபோச்சுண்ணே" என்றாள். "வலி உயிர் போகுது. ஒவ்வொரு அடிக்கும் தெரியுதுண்ணே. அவரு நடந்தது சும்மா இல்லண்ணே. அவருக்கு வலிக்காம விட்டுப்போனதெல்லாம் இப்ப எனக்கு வலிக்குது."

மருந்து போட்டுக்கொள், மெதுவாக நட என்று மட்டும் சொன்னேன். ஃபோனை வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்திருந்தவரின் காலை மடியில் வைத்துக்கொண்டே அழுதேன். அவர் பாவம், காலை இழுத்துக்கொள்ளவும் தெரியாமல் உட்கார்ந்திருந்தார். காரில் நீ கேட்ட கேள்விக்கு என்னிடம் இன்றும் பதில் கிடையாது, மச்சான். ஸ்டெல்லா வேளாங்கண்ணிவரை நடந்து முடித்துவிட்டாள். அதை உன்னிடம் சொல்ல வேண்டியதுதான் பாக்கி இருந்தது.